கல்லாகிப்போன பிசினின் மணம்

பால்டிக் கடலோரத்து அம்பரைச் சும்மா முகர்ந்தால் எந்த வாசனையும் வராது. நான் சொல்வது திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அம்பர் அல்ல. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வடிந்து, மண்ணுக்குள் புதைந்து இறுகிய பிசின். அதையே உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தால் பைன் மர மணம் மெல்ல எழும். முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி இந்த மணத்தையே சாட்சியாக வைத்து, இது பைன் இன மரத்தின் சாறு என்று எழுதினார். மூக்கை நம்பி அவர் செய்த அந்த ஊகம் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

அத்தனை காலம் மணம் எங்கே இருந்தது? புதுப் பிசினில் மணப்பவை டெர்பீன்கள் என்னும் சிறு மூலக்கூறுகள். அவற்றில் பெரும்பகுதி சீக்கிரமே ஆவியாகிவிடும். ஆவியாகாத கனமான அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோல இறுகும். பால்டிக் அம்பரில் 3 முதல் 8 சதவீதம் வரை உள்ள சக்சினிக் அமிலம் அந்த வலையை இன்னும் கெட்டியாகப் பிணைக்கிறது. தப்பிக்க முடியாமல் உள்ளே சிக்கிய கொஞ்சம் டெர்பீன்தான் தேய்க்கும்போது வெளிவருகிறது.

பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால் நடப்பது வேறு. அப்போது வலையே அறுந்து, காட்டு மரத்தில் என்றுமே இருந்திராத புதிய ஆவிகள் பிறக்கின்றன. ஆதிக் காட்டின் மணத்தையே முகர்கிறோம் என்று சொல்ல ஆசையாக இருந்தாலும், அந்தப் புகையில் ஒரு பகுதி இப்போது உண்டானது. அசலையும் போலியையும் பிரித்தறிய வியாபாரிகளுக்கு அது போதும்: அம்பர் பிசின் மணம் தரும், கோபால் (copal) என்னும் வயது குறைந்த பிசின் பிசுபிசுவென்று இளகும், பிளாஸ்டிக் நாறும். அம்பரைக் காற்றுப் படாமல் காய்ச்சி வடித்தால் புகையும் தோலும் கலந்தாற்போல் மணக்கும் எண்ணெய் கிடைக்கும். கடையில் 'அம்பர்' என்று விற்கும் அத்தரில் பெரும்பாலும் இது எதுவும் இருக்காது; லாப்டானம் என்னும் செடிப் பிசின், சாம்பிராணி, வனிலா சேர்ந்த கலவைதான் அது.

எல்லா அம்பரும் பைன் வகை அல்ல. குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைப்பது 5 கோடி ஆண்டுப் பழமையானது. நம் குங்கிலிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் வடித்தது. அதன் வலை அவ்வளவு இறுக்கமில்லை. கரைப்பானில் கரைத்து, உள்ளே கிடக்கும் பூச்சியை முழுதாக வெளியே எடுத்துவிடலாம். வீட்டில் தணலில் தூவும் குங்கிலியம் இந்த அம்பரின் இளைய உறவு. அங்கும் ஆவியாகக் கூடியது முதலில் மணக்கிறது, பிசின் சிதைந்த புகை பின்னால் வருகிறது.