கடிவாளத்துக்கு அடங்காத குரல்

1655. இங்கிலாந்தின் கார்லைல் நகரச் சந்தையில் நின்று, வஞ்சகத்தையும் தீய நடத்தையையும் கண்டித்துப் பேசினார் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த டாரதி வா என்ற பெண். அவரைச் சிறைக்கு அனுப்பிய மேயர், தலையில் இரும்புக் கடிவாளத்தை மாட்ட வைத்தார். முகத்தின் மேல் மூன்று இரும்புப் பட்டைகள். நாக்கு அசையாதபடி வாய்க்குள் ஓர் இரும்புத் துண்டு. அந்தக் கோலத்தைப் பார்க்க வந்தவர்களிடம் சிறைக்காவலர் ஆளுக்கு 2 பென்ஸ் வசூலித்தார்.

டாரதி ஓயவில்லை. தாம் பட்டதைத் தாமே எழுதினார். மறு ஆண்டே அது அச்சேறியது.

கண்டனத்துக்குப் பதில் இல்லாத அதிகாரம்தான் கண்டித்தவரின் வாயைக் கட்டுகிறது. உங்கள் வீட்டுப் பெண் பேசும்போது, 'வாயை மூடு' என்று சொல்லத் தோன்றினால் பொறுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.