ஒரே 54, இரண்டு காலங்கள்

பேஸ்பாலில் 1920-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேப் ரூத் அடித்த ஹோம் ரன்கள் 54. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஷோஹெய் ஒட்டானி 2024-இல் அடித்தவையும் 54. எண் ஒன்று, எடை வேறு. ரூத்துக்கு அடுத்த இடத்தில் இருந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19 மட்டுமே. அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் எந்த அணியின் மொத்தக் கணக்கும் ரூத் என்ற தனி மனிதரை எட்டவில்லை. ஒட்டானியின் ஆண்டிலோ ஆரோன் ஜட்ஜ் 58 அடித்து அவரை முந்தினார்.

அதனால் ரூத்தே பெரியவர் என்று முடிவுகட்டுவது அவசரம். அன்று பந்தெறிவாளர் களைத்தாலும் பெரும்பாலும் அவரே ஆட்டத்தை முடிப்பார். இன்று புதுத் தெம்போடு ஒருவர் மாறி ஒருவர் வந்து, மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் வீசுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான வேறுபாடு, ரூத் ஆடிய களம் கறுப்பின வீரர்களுக்குக் கதவடைத்திருந்தது என்பதே. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்தது 1947 ஏப்ரலில். அபாரமான மட்டையாளர் ஜோஷ் கிப்சன் அதற்குச் சில மாதங்கள் முன்பே, 35 வயதில் இறந்துவிட்டார். கிப்சன் போன்ற கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்குகள் 2024-இல்தான் மேஜர் லீக் ஏடுகளில் சேர்ந்தன. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பின் .367 பின்தங்க, வாழ்நாள் மட்டைச் சராசரியில் கிப்சனின் .372 முதலிடம் பெற்றது.