நெட் போச்சு, மாமா

அக்கா மகன் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சண்டைக்குக் காரணம் ஒரு மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டம்.

2020 ஊரடங்கில் நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தேன். அக்கா வீடு வேடசந்தூர் பக்கம். பைக்கில் அரை மணி நேரம்தான், ஆனால் போக முடியாது. அதனால் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆன்லைனில் செஸ். எனக்கு வீட்டில் பிராட்பேண்ட். அவனுக்கு அவன் அப்பா போனிலிருந்து ஹாட்ஸ்பாட்.

அன்றைக்கு எனக்கு நல்ல பொசிஷன், ஒரு யானை அதிகம். திடீரென்று எதிராளி இணைப்பில் இல்லை என்று திரையில் வந்தது. நாற்பது நொடி கழித்துத் திரும்பி வந்தான். வந்தவன் வைத்த முதல் மூவே என் ராஜாவையும் ராணியையும் ஒரே அடியில் பிடிக்கிற குதிரை மூவ். அதற்கப்புறம் இரண்டு பேருக்குமே நேரமில்லை. கடைசி நொடிகளில் அவன் கடிகாரம் 1.2 என்று காட்டும், காய் நகர்ந்ததும் 1.6-க்கு ஏறும். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. முதலில் என் நேரம் முடிந்தது.

உடனே போன் போட்டேன். "என்னடா, நெட் போன நேரத்துல எதைப் பாத்துட்டு வந்த? கடிகாரம் வேற ஏறுது?"

"நெட் போச்சு, மாமா. அப்பாவுக்கு போன் வந்துச்சு."

"ஆமா, கரெக்டா அந்த மூவுக்குத்தான் வரும்."

வைத்துவிட்டான்.

*

நான் சர்வர் பக்க நிரல் எழுதிச் சம்பாதிப்பவன். அவனைக் கேட்பதற்கு முன் நான் யோசித்திருக்க வேண்டிய விஷயங்கள் எனக்குத் தெரிந்தவைதான்.

ஆன்லைன் செஸ்ஸில் கடிகாரம் என் திரையிலும் ஓடவில்லை, அவன் போனிலும் ஓடவில்லை. சர்வரில் ஓடுகிறது. என் திரையில் குறைந்துகொண்டே வரும் எண் ஒரு ஊகம்தான். அவன் மூவ் சர்வருக்குப் போய், அங்கே கணக்குப் பார்த்து, என்னிடம் வந்த பிறகு அந்த ஊகம் திருத்தப்படும்.

அவன் காயை நகர்த்திய நொடிக்கும் அந்தச் செய்தி சர்வரைத் தொடும் நொடிக்கும் நடுவில் ஒரு பயண நேரம் இருக்கிறது. அது யோசித்த நேரம் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் அது மூவுக்கு 0.3 நொடி என்று வைத்துக்கொள்வோம். 40 மூவ் ஆடினால் 12 நொடி. மூன்று நிமிட ஆட்டத்தில் 12 நொடி என்பது சொத்து. அதை அவன் கணக்கிலேயே கழித்தால் நல்ல கேபிள் உள்ளவன் ஒவ்வொரு மூவிலும் கொஞ்சம் திருடுகிறான் என்று அர்த்தம். அதனால்தான் சர்வர் அந்தப் பயண நேரத்தை அளந்து ஆட்டக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. 1.2 என்று காட்டிய கடிகாரம் 1.6-க்கு ஏறுவது அதனால்தான். நான் திருட்டு என்று நினைத்தது, எனக்குச் சும்மா கிடைத்திருக்க வேண்டிய லாபத்தை சர்வர் எனக்குத் தராமல் விட்டதை.

இந்த இடத்தில் ஏமாற்ற முடியாதா? முடியும், முடிந்திருக்கிறது. 1990-களில் வந்த இன்டர்நெட் செஸ் கிளப் போன்ற சர்வர்களில், யோசித்த நேரத்தை ஆட்டக்காரரின் கணினியில் ஓடும் ஒரு குட்டி நிரலே அளந்து, முத்திரை வைத்து அனுப்பும். 2000-களின் நடுவில் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பிளாக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்த முத்திரையை உடைத்து, பத்து நொடி யோசித்துவிட்டு ஒரு நொடிதான் யோசித்தேன் என்று சர்வரை நம்பவைக்க முடியும் என்று காட்டினார்கள். சந்தேகப்படுகிறவனின் கையில் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு அவன் சொல்வதை நம்புவது நல்ல வடிவமைப்பு இல்லை. இன்று திருப்பித் தரும் நேரத்துக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள். லிச்செஸ்ஸின் நிரல் பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

அந்த நாற்பது நொடி? அவன் இல்லாதபோதும் அவன் கடிகாரம் சர்வரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 180 நொடியில் 40 நொடியை அவன் தன் பையிலிருந்து கட்டியிருக்கிறான். அப்பாவின் போனில் இரண்டு சிம். ஒன்றில் அழைப்பு வந்தால் இன்னொன்றில் டேட்டா நின்றுவிடும் வகையான போன். நான்தான் அதை வாங்கிக் கொடுத்தேன்.

*

எங்கள் தொழிலில் ஒரு பழைய சிக்கல் உண்டு. இரண்டு கணினிகள் பேசிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பேச்சை நிறுத்திவிட்டது. அது செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா, நடுவில் கேபிள் அறுந்ததா? இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். தெரிவது மௌனம் மட்டும். 1985-ல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் என்ற மூவர் (இந்த ஃபிஷர் செஸ் ஃபிஷர் இல்லை) இதை ஒட்டிய ஒரு கணித முடிவை வெளியிட்டார்கள். செய்தி எவ்வளவு தாமதமாகும் என்று வரம்பே இல்லாத வலையமைப்பில், ஒரே ஒரு கணினி செயலிழக்க வாய்ப்பிருந்தால்கூட, எல்லாக் கணினிகளும் ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என்று எந்த நிச்சயமான முறையாலும் உத்தரவாதம் தர முடியாது.

அப்புறம் எப்படி வங்கியும் ரயில் டிக்கெட்டும் ஓடுகின்றன? டைம்அவுட் வைத்து ஓட்டுகிறோம். 30 நொடி பதில் வரவில்லையா, செத்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார். இந்த "எடுத்துக்கொண்டு" என்ற சொல் முக்கியம். டைம்அவுட்டால் உண்மை தெரிய வராது. அது ஒரு முடிவு மட்டுமே. அந்தக் கணினி உண்மையில் உயிரோடு இருக்கலாம். வேலை நடக்க வேண்டுமே என்பதற்காக அதைக் கைவிடுகிறோம்.

செஸ் கடிகாரமும் அப்படித்தான். நேரம் முடிந்தால் தோல்வி. ஏன் முடிந்தது என்ற கேள்வி அதற்குள் இல்லை. போட்டி நடக்கும் அறையில் நடுவர் இருப்பார், கடிகாரம் கெட்டுப்போனால் நிறுத்தி மாற்றுவார், ஆட்டக்காரர் மயங்கி விழுந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆன்லைனில் எதிரே இருப்பவரின் மௌனம் மட்டும்தான் தெரிகிறது. அந்த மௌனத்துக்கு நோக்கம் எதுவும் எழுதி ஒட்டியிருக்காது. ஒட்டுவது நாம்தான்.

*

அதே ஆகஸ்டில் இந்த விஷயம் பெரிய அளவில் நடந்தது.

கொரோனாவால் செஸ் ஒலிம்பியாட் தள்ளிப்போக, சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடே ஆன்லைன் ஒலிம்பியாட் நடத்தியது. ஆறு பலகைகள், ஆளுக்கு 15 நிமிடம், மூவுக்கு 5 நொடி கூடுதல். இந்திய அணிக்கு விதித் குஜராத்தி கேப்டன். ஆனந்த், ஹம்பி, ஹரிகா, பிரக்ஞானந்தா, வைஷாலி எல்லோரும் உண்டு. நம்ம பக்கத்து ஊர் மதுரையின் அரவிந்த் சிதம்பரமும் பட்டியலில் இருந்தார். இணைப்புக்கு அவரவரே பொறுப்பு என்பது விதி.

ஆகஸ்ட் 28, காலிறுதி, இந்தியாவும் ஆர்மீனியாவும். நிஹால் சரினுடன் ஆடிக்கொண்டிருந்த ஹைக் மார்ட்டிரோசியனின் இணைப்பு அறுந்தது. நேரம் போனது. புள்ளி இந்தியாவுக்கு, முதல் சுற்று 3.5-2.5. கோளாறு எங்கள் பக்கம் இல்லை என்று ஆர்மீனியா முறையிட்டது. முறையீடு தள்ளுபடி. ஆர்மீனியா இரண்டாம் சுற்று ஆடாமல் வெளியேறியது. இந்தியா அரையிறுதிக்குப் போனது.

ஆகஸ்ட் 30, இறுதிப் போட்டி, இந்தியாவும் ரஷ்யாவும். முதல் சுற்று 3-3. இரண்டாம் சுற்றின் நடுவில் 16 வயது நிஹாலும் 14 வயது திவ்யா தேஷ்முக்கும் சர்வரோடு தொடர்பை இழந்தார்கள். இருவருக்கும் நேரத்தில் தோல்வி. ரஷ்யா 4.5-1.5 என்று வென்றதாக முதலில் வந்தது. இந்த முறை முறையிட்டது இந்தியா. அன்று செஞ்சுரிலிங்க் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வலையமைப்பில் கோளாறு. கிளவுட்ஃபிளேரை நம்பியிருந்த தளங்கள் பல நாடுகளில் தடுமாறின. மேல்முறையீட்டுக் குழுவால் ஒருமனதாக முடிவெடுக்க முடியவில்லை. ஃபிடே தலைவர் அர்காதி துவோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

இரண்டு நாளும் நான் கைதட்டினேன். 28-ம் தேதி "ரூல்னா ரூல்தான்" என்றேன். 30-ம் தேதி "பசங்க என்ன பண்ணுவாங்க, உலகமே டவுன்" என்றேன். இரண்டும் ஒன்றல்ல என்று என்னால் வாதாட முடியும். ஒன்று ஒரு தனி ஆட்டக்காரரின் இணைப்பு, மற்றது பல நாடுகளைத் தொட்ட கோளாறு. வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் கைதட்டும்போது அந்த விவரம் எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் யாருக்குப் புள்ளி என்பதுதான்.

அக்கா மகன் விஷயத்திலும் இதேதான். அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்திருந்தால் அதே நாற்பது நொடிக்கு, "பாவம், நெட் போச்சு" என்று நானே சொல்லியிருப்பேன். கடிகாரம் ஏறியதைக் கவனித்திருக்கவே மாட்டேன். என் சந்தேகத்துக்கு ஆதாரம் அவன் செய்த எதுவும் இல்லை, என் தோல்விதான். இப்போதெல்லாம் யாரையாவது சந்தேகப்படும்போது, முடிவு எனக்குச் சாதகமாக இருந்திருந்தால் இதே சந்தேகம் வந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன். பல நேரம் பதில் சங்கடமாக இருக்கிறது.

*

சரி, "நெட் போச்சு" என்று சொல்கிற எல்லோரையும் நம்பிவிட்டால்? தோற்கப் போகிறவன் வயரைப் பிடுங்கிவிட்டு மறு ஆட்டம் கேட்பான். கேட்கவும் கேட்பார்கள். அதனால் விதி கறாராக இருக்கத்தான் வேண்டும். அறுந்தால் உன் நேரம் போகும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர் போனது. 2019-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பூட்டு திருடனைக் கண்டுபிடிப்பதில்லை. சாவி இல்லாதவனுக்குத் திறக்காது, அவ்வளவுதான் அதன் வேலை. சாவியைத் தொலைத்த வீட்டுக்காரனுக்கும் திறக்காது. வெளியே நிற்கிறான் என்பதற்காக அவனைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை.

கடிகார விதியும் அந்தப் பூட்டு மாதிரிதான். இணைப்பு போகும் அபாயத்தை யாராவது ஒருவர் தலையில் கட்ட வேண்டும். யாருடைய இணைப்போ அவர் தலையில் கட்டுகிறது. ஹாட்ஸ்பாட்டில் ஆடும் பையனுக்கு இந்தப் பங்கீடே பாரம். மாதாமாதம் கரண்ட் நிறுத்தும் நாளில் டவர் தடுமாறும் ஊர்க்காரனுக்கும் அப்படித்தான். அந்தப் பாரத்தை அவன் நேரமாகவும் புள்ளியாகவும் கட்டிவிடுகிறான். அதற்கு மேல் நான் "ஏமாத்துறியா" என்று கேட்டால் அது இரண்டாவது தண்டனை. விசாரணை இல்லாதது. விதி கறாராக இருக்கிறது என்பதே நான் அவன் மனசுக்குள் போய் நோக்கம் தேட வேண்டியதில்லை என்பதற்கான வசதி. இன்ஜின் பார்த்து ஆடுகிறவர்களைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. பல ஆட்டங்களின் மூவ்களை ஒன்றாக வைத்து இன்ஜினோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு நல்ல குதிரை மூவை வைத்து அது முடியாது.

விதிக்கு அப்பால் போனவர்களும் உண்டு. அதே ஆண்டு செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதியில் டிரா நிலையில் இருந்த டிங் லிரனின் இணைப்பு போய், நேரத்தில் தோற்றார். புள்ளி மேக்னஸ் கார்ல்சனுக்கு. அடுத்த ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே கார்ல்சன் தன் ராணியை வேண்டுமென்றே கொடுத்துவிட்டு ஆட்டத்தை விட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. இதை விதியாக்க முடியாது. ஆக்கினால் மறுநாளே வயரைப் பிடுங்க ஆரம்பிப்பார்கள். விதி நடுவரின் வேலை. எதிரே இருப்பவரை எப்படி நினைப்பது என்பது அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் வேலை.

*

நான்காம் நாள் நானே கூப்பிட்டேன். கடிகாரம் ஏன் ஏறியது என்று விளக்கினேன். மன்னிப்பும் கேட்டேன். பதில் வரவில்லை. அப்புறம் மெதுவாக, "மாமா, அந்தக் குதிரை மூவ் எப்படிப் பாத்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றான்.

"சொல்லு."

"நெட் போனதும் ஸ்கிரீன் அப்படியே நின்னுடுச்சு. தொட்டா ஒண்ணும் ஆகல. எனக்கு டைம் போகுதுன்னு தெரியும், வேற என்ன பண்றது? போர்டையே பாத்துட்டு இருந்தேன். அப்பத்தான் தெரிஞ்சுச்சு. சும்மா நான் அவ்ளோ நேரம் யோசிக்கவே மாட்டேன்ல?"

அது உண்மை. அவன் மூன்று நொடிக்கு மேல் யோசித்து நான் பார்த்ததில்லை. அவன் சொன்னதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நம்புவதென்று முடிவு செய்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.