யாருடைய ‘வேண்டாம்’?

ரிச்சி தெருவில் அந்தக் கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்பே கேட்டார்: “பையனுக்கா மேடம்?” யோசிக்காமல் “ஆமாம்” என்றேன். 34,000 ரூபாய் என்றார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சென்ட்ரலில் ஆவடி லோக்கலில் ஏறினேன். வில்லிவாக்கம் தாண்டும் வரை அந்தப் பொய்யைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பையன் இல்லை. பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் மட்டும்தான். அவளுக்கு இந்த விளையாட்டுகளில் ஆர்வம் கிடையாது. வி.ஆர். ஹெட்செட் வேண்டியிருந்தது எனக்கு. நாற்பத்தாறு வயதில், விளையாடுவதற்கு.

ஆசை தொடங்கியது பூந்தமல்லியில், அக்கா மகள் வீட்டில். “சித்தி, ஒரு தடவை போட்டுப் பாருங்க” என்று தன் மெட்டா குவெஸ்ட் 2-ஐ என் தலையில் மாட்டிவிட்டாள். பீட் சேபர் என்கிற விளையாட்டு. இசைக்கு ஏற்றபடி கட்டைகள் நம்மை நோக்கிப் பறந்து வரும். இரண்டு கைகளிலும் ஒளி வாள் இருக்கும். கட்டையில் அம்புக்குறி காட்டும் திசையில் வெட்ட வேண்டும். மூன்று பாட்டு ஆடினேன். கழற்றியபோது வியர்வையில் ரவிக்கை நனைந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் த்ரோபால் ஆடியதற்குப் பிறகு, எதையும் துடைக்காமல், பிசையாமல், யாருக்கும் பரிமாறாமல் என் கைகள் அவ்வளவு வேகமாக அசைந்தது அன்றுதான்.

அந்த மாதம் எனக்குச் சீட்டுப் பணம் 40,000 வந்திருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் நானே கட்டிய சீட்டு. மகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாகிவிட்டது. கடன் இல்லை. ஆனாலும் ரயில் அம்பத்தூருக்குள் நுழைவதற்குள் “வேண்டாம், இதெல்லாம் நமக்கெதற்கு” என்று மனம் முடிவு செய்துவிட்டது. முடிவைவிட அது வந்த வேகம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. இது நான் யோசித்துச் சொன்ன ‘வேண்டாம்’தானா, அல்லது சின்ன வயதிலிருந்து என் வாயில் பழக்கிவைத்த ‘வேண்டாம்’ தானாக வெளியே வந்ததா?

எட்டாத திராட்சையைப் பார்த்து “சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்” என்று திரும்பிப்போன நரியை நமக்கெல்லாம் தெரியும். ஜான் எல்ஸ்டர் என்ற தத்துவ அறிஞர் 1983இல் ‘புளித்த திராட்சை’ என்ற பொருள்படும் தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதினார். கிடைக்காததை நாம் வெறுமனே விட்டுவிடுவதில்லை, அதை விரும்பாதவர்களாகவே மாறிவிடுகிறோம் என்பது அவர் எழுப்பிய சிக்கல். இதைப் பெண்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசியவர்கள் அமர்த்தியா சென்னும் மார்த்தா நுஸ்பாமும். நுஸ்பாம் 2000இல் வெளியிட்ட நூலில் கேரளத்துச் செங்கல் சூளைப் பெண்தொழிலாளி ஒருவர் வருகிறார். ஆண்களைவிடக் குறைந்த கூலி, பதவி உயர்வும் கிடையாது. ஆனால் அதை அவர் அநியாயமாகக்கூட உணரவில்லை. அப்படியானால் ஒரு பெண் “எனக்கு இது போதும்” என்று சொல்லும்போது அதை அவளுடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்வதா? “உனக்கு உன் மனமே தெரியவில்லை” என்று வேறொருவர் அவளிடம் சொல்வதும் ஆணவம்தானே?

இன்னொருத்திக்கு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல என்னால் முடியாது. என் விஷயத்தில் ஒரு வழி இருப்பதாகப்பட்டது. கடைக்காரரிடம் நான் உருவாக்கிய அந்தப் பையனையே துணைக்கு அழைத்தேன். வாங்க வேண்டாம் என்பதற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இந்தக் காரணத்தை அந்தப் பையனிடம் சொல்வேனா?

முதல் காரணம், இந்த வயதில் என்ன விளையாட்டு. இரண்டு வருடம் முன்பு என் கணவர், நாற்பத்தொன்பது வயதில், 28,000 ரூபாய்க்கு ஹோம் தியேட்டர் வாங்கினார். அவரிடம் யாரும் வயதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது, நேரம் எங்கே இருக்கிறது. இது கற்பனை இல்லை. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஆனால் அந்தப் பையனிடம் “உனக்கு நேரமில்லை” என்று நான் சொல்லவே மாட்டேன். அவனுக்கு நேரம் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்வேன். ஆக, நேரமில்லை என்பது ஹெட்செட்டுக்கு எதிரான வாதம் இல்லை. வீட்டைப் பற்றிய புகார். அதையும் அடித்தேன்.

மூன்றாவது, பணம். இதை அடிக்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஒரு பெண்ணுக்கு முப்பத்து நான்கு மாதம் வரும் பணத்தை நான் ஒரு விளையாட்டுக் கருவியில் போடலாமா? எங்கள் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் இருக்கும் பெண்களை நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. பையனிடமும் இதைச் சொல்வேன். கணவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். எனவே இது நேர்மையான காரணம். ஆனால் எல்லோர் மீதும் ஒரே எடையில் விழ வேண்டிய காரணம். வீட்டில் மற்றவர்களின் செலவுக்கு வராத ஏழைகளின் நினைவு, பெண்ணின் செலவுக்கு மட்டும் வருமானால், அதை அறம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்காவது, உடம்பு. இதைப் போட்டால் பல பெண்களுக்குத் தலை சுற்றுகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். பெண்ணுடம்பு பலவீனம், அவ்வளவுதான் என்றும் சொல்கிறார்கள். கே ஸ்டேனியும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் பெண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் குறைவு. பல பெண்களின் கண்ணுக்குப் பொருந்தும் அளவுக்கு லென்ஸ்களை நெருக்கமாக வைக்கக் கருவியில் வழி இல்லை. சரியாகப் பொருந்திய பெண்களுக்கு ஆண்களைப் போலத்தான் இருந்தது. பலவீனம் முகத்தில் இல்லை, அளவெடுத்ததில் இருக்கிறது. குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள். என் கண்ணாடிச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: 59. எனக்குப் பொருந்தும். இன்னும் நெருங்கிய கண்கள் உள்ள ஒருத்திக்கு “வேண்டாம்” என்பதே சரியான பதிலாக இருக்கும். ஆனால் அந்த ‘வேண்டாம்’ அவள் உண்டாக்கியது இல்லை.

ஐந்தாவது, பயம். 2016இல் அமெரிக்கப் பெண் ஒருவர் அம்பெய்யும் வி.ஆர். விளையாட்டு ஒன்றில் அந்நியர்களோடு ஆடினார். எல்லோருக்கும் ஒரே மாதிரியான உருவம். குரலை வைத்துத்தான் அவர் பெண் என்று தெரிந்திருக்கிறது. இன்னொரு ஆட்டக்காரர் அவருடைய உருவத்தின் மார்பைத் தடவத் தொடங்கினார். விலகிப் போனாலும் துரத்தினார். 2021 டிசம்பரில் மெட்டா தன் ஹொரைசன் வேர்ல்ட்ஸைப் பொதுவில் திறந்தபோதும் இதே புகார்கள் வந்தன. 2022 பிப்ரவரியில், உருவங்களுக்கு இடையே சுமார் நான்கடி இடைவெளி இருக்கும்படி எல்லை ஒன்றை வைத்தார்கள். புதிய உலகம் கட்டியவர்கள் பழைய பேருந்தையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். இந்தக் காரணத்தை அந்தப் பையனிடம் சொல்வேனா? மாட்டேன். அதற்காகக் காரணம் பொய்யாகிவிடாது. என் சோதனைக்கு ஒரு குறை இருப்பது இங்கேதான் புரிந்தது. ஆணுக்குப் பொருந்தாத காரணமெல்லாம் போலிக் காரணம் இல்லை. சில ஆபத்துகள் நமக்கென்றே செய்து வைக்கப்பட்டவை. இதை அடிக்காமல், பக்கத்தில் எழுதினேன்: தனியாக ஆடும் விளையாட்டுகள் மட்டும், இப்போதைக்கு.

கடைசிக் காரணம்தான் என்னை அதிகம் வாட்டியது. ராபர்ட் நோசிக் 1974இல் ஒரு கற்பனை இயந்திரத்தைப் பற்றி எழுதினார். அதோடு இணைத்துக்கொண்டால் நீங்கள் விரும்பும் எந்த அனுபவத்தையும் உண்மை போலவே தரும். வாழ்நாள் முழுக்க அதில் இருப்பீர்களா? மாட்டோம் என்பார்கள், ஏனென்றால் மனிதர்களுக்கு அனுபவம் மட்டும் போதாது, உண்மையாகவே செய்ய வேண்டும், உண்மையாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் வெளியுலகம் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கிறதா? இரவு ஒன்பது மணிக்கு அம்பத்தூர் ஏரிக்கரைப் பக்கம் தனியாகக் கை வீசி நடக்க எனக்கு ஆசை. முடியாது. அதற்குப் பதிலாகக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கை வீசினால், பூட்டிய கதவுக்கு நானே வர்ணம் அடிக்கிறேனா? இந்தக் கவலைக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. நான் தேடியது ஏரிக்கு மாற்று அல்ல. வியர்வை வரும் ஒரு மணி நேரம். அந்த வியர்வை நிஜம்.

முடிவு எடுக்கும் முன் அக்கா மகளிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவளுடைய கருவியைக் கேட்டு வாங்கினேன். ஆட, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். டீப்பாயையும் நாற்காலிகளையும் நகர்த்தினேன். முதல் ஞாயிறு ஒரு மணி நேரத்தில் நான்கு முறை கழற்றினேன். குக்கர் விசில், பால், காலிங் பெல், மாத்திரை எங்கே என்று மாமியார். அவர்கள் கூப்பிட்டது ஒரு முறைதான். மற்ற மூன்று முறையும் நானேதான் கழற்றினேன். கண்ணை மறைத்தாலும் காது விசிலை எண்ணிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு காலையிலேயே சொல்லிவிட்டேன். “ஆறிலிருந்து ஏழு வரை நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிலை நீங்கள் எண்ணுங்கள்.” “அப்படி என்னம்மா அதுல இருக்கு?” என்றார் மாமியார். “ஒண்ணும் இல்ல அத்தை, விளையாட்டுதான்” என்றேன். அதைவிட நல்ல பதில் அப்போது தோன்றவில்லை, இப்போதும் இல்லை. கணவர் இரண்டு விசில் கூடுதலாக விட்டுவிட்டார். பருப்பு குழைந்திருந்தது. சாப்பிட்டோம்.

வாங்குவது என்று முடிவு செய்தேன். ஒரு பொருளை வாங்கியதால் எந்தப் பெண்ணும் விடுதலை அடைவதில்லை, நானும் அடையவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டது, விலை கொடுத்து வாங்க முடியாத பகுதி. ஹெட்செட் இல்லாமலும் அதைக் கேட்டிருக்கலாம். இருபது வருடமாகக் கேட்கவில்லை. உங்கள் முடிவு ‘வேண்டாம்’ என்றே இருக்கலாம், அதில் தவறில்லை. காரணங்களை ஒரு முறை தாளில் எழுதிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டே, “பையன் என்ன படிக்கிறார் மேடம்?” என்றார்.

“பையன் இல்லைங்க. எனக்குத்தான்.”

அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டே ஆட வேண்டுமானால் நடுவில் மாட்ட ஒரு துண்டு இருக்கிறது, அதைத் தொலைத்துவிடாதீர்கள் என்று எடுத்துக் காட்டினார்.