கோணல் அடி யாருக்கு உரியது?

மட்டையை நேராகப் பிடி, பந்து வரும் வழிக்குக் காலைக் கொண்டு போ, தலையை அசைக்காதே என்பன கிரிக்கெட் ஆட்டத்தில் ஆசிரியர்கள் சிறுவர்க்கு முதன் முதலிற் புகட்டும் பாடங்கள். இப்பாடங்களை மீறி, வலக்கையாளர் திடீரெனத் திரும்பி இடக்கையாளரைப் போல் வீசுவதும், மண்டியிட்டுப் பந்தைத் தம் தலைக்கு மேலாகப் பின்புறம் தூக்கிவிடுவதும் இன்று சாதாரணமாகிவிட்டன. அவ்வாறு ஆடும் உரிமை யாருக்கு உண்டு என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட கேள்வி. விளையாட்டுப் பக்கத்துக்குரிய விஷயத்தை இங்கு ஏன் கொணர்ந்தீர் எனச் சில அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். பொறுத்தருள்க. வழக்கத்தை மீறும் மனிதனை ஊர் எந்தத் தராசில் நிறுக்கிறது என்பதை இத்துணை வெளிப்படையாகக் காட்டும் களம் வேறொன்று நமக்குத் தென்படவில்லை.

2024-ஆம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி மெல்போர்ன் மைதானத்தில் இந்திய வீரர் ரிஷப் பந்த், ஸ்காட் போலண்டின் வேகப் பந்தைச் சாய்ந்தபடியே பின்புறம் தூக்க முயன்று, பிடிகொடுத்து வெளியேறினார். எடுத்த ரன்கள் 28. வர்ணனை செய்துகொண்டிருந்த சுனில் கவாஸ்கர், முட்டாள்தனம் என்று பொருள்படும் சொல்லை மூன்று தரம் அடுக்கிக் கடிந்தார். ஆறு மாதம் சென்றது. 2025 ஜூன் மாதம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அதே பந்த் 134 ரன்களும் 118 ரன்களும் குவித்தார். முதற் சதத்தை அவர் எட்டியது ஒற்றைக் கையால் அடித்த சிக்ஸரினால். இம்முறை கவாஸ்கர் மூன்று தரம் அடுக்கியது புகழ்ச் சொல்லை! பெரியவரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. மெல்போர்னில் அந்த அடி போகும் திக்கில் இருவர் காத்து நின்றனர். அதைக் கண்டும் அடித்ததே அவருக்குச் சினமூட்டியது. அது நியாயமான சினமே. எனினும் லீட்ஸ் பந்தயத்திலும் இந்தியா தோற்றது என்பதை அன்பர்கள் மறக்கலாகாது. பாராட்டுக்கும் வசவுக்கும் காரணம் அணியின் வெற்றியுமன்று, அடியின் இயல்புமன்று. அடித்தவர் நிலைத்து நின்றாரா, வீழ்ந்தாரா என்பதே.

இதனினும் கொடிய உதாரணம் ஒன்றுண்டு. 1987 நவம்பர் 8-ந் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் உலகக் கோப்பையின் இறுதிப் பந்தயம் நடந்தது. 254 ரன் எடுத்தால் இங்கிலாந்துக்குக் கோப்பை. இரண்டு விக்கெட்டுக்கு 135 என்று அணி நல்ல நிலையில் நின்றது. ஆஸ்திரேலியத் தலைவர் ஆலன் பார்டர் தாமே பந்து வீச வந்தார். அவருடைய முதற் பந்தையே இங்கிலாந்துத் தலைவர் மைக் கேட்டிங், ரிவர்ஸ் ஸ்வீப் எனப்படும் மறுபக்க வீச்சினால் அடிக்கப் புகுந்து பிடிபட்டார். முடிவில் இங்கிலாந்துக்கு 7 ரன்னில் தோல்வி. அன்று நேர் மட்டையோடு ஆடி விக்கெட்டை இழந்தவர்களின் பெயரை எவர் நினைக்கிறார்? வழக்கப்படி ஆடித் தோற்றவனை ஊர் மன்னிக்கிறது. வழக்கம் மீறித் தோற்றவனைத் தலைமுறைக்கும் சுட்டிக் காட்டுகிறது. இரண்டிலும் இழந்தது ஒரே ஒரு விக்கெட்தான்!

முதலில் நேர்வழியைக் கற்றுக்கொள், பின்னர் மீறு என்பர் முதியோர். இதில் உண்மையுண்டு. வேகப் பந்துக்கு எதிரே முகத்தைத் தாழ்த்தும் அடிக்குக் கண்ணும் காலும் பழகியிராவிட்டால் பல் போய்விடும். ஆனால் கோணல் அடி வெறும் வீம்பு என்று எண்ணுவது பிழை. விக்கெட் காப்பவரின் தலைக்குப் பின்னால் எல்லை வரையில் பெரும்பாலும் ஆளில்லை. 2009-இல் இருபது ஓவர் உலகக் கோப்பையில் இலங்கையின் தில்ஷான் பந்தைத் தூக்கிவிட்டது அந்த வெற்றிடத்துக்கே. பந்தின் வேகமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இது கணக்கறிந்தவன் செயலன்றோ?

அன்றியும், நேர்வழி எது என்பதை யார் வரையறுத்தார்? 1890-களில் கேம்பிரிட்ஜில் படித்த ரஞ்சித்சிங்ஜி பந்துக்கு அஞ்சி விலகாதிருக்க, பயிற்சியில் அவருடைய வலக்காலை அசையாமற் கட்டிவைத்தனர் என்பர். கட்டுண்ட அக்காலோடு மணிக்கட்டைச் சற்றே திருப்பி, பந்தைக் காற்பக்கமாகப் பின்னே நழுவவிடும் அடியை அவர் வளர்த்தார். ஆங்கிலேயர் வியந்தனர், ஆயினும் 1896-இல் லார்ட்ஸ் பந்தயத்துக்கு அவரைச் சேர்க்கவில்லை. மான்செஸ்டரில் வாய்ப்புக் கிட்டியபோது 62-உம், ஆட்டமிழக்காமல் 154-உம் எடுத்தார். அன்றைய விந்தையான அவ்வடியை இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லித் தருகின்றனர்.

ஆகவே, முதியோரின் அனுமதிச் சீட்டு உரிமைக்கு அடிப்படையாகாது. பழகியிருத்தல் வேண்டும், அவ்வளவே. ஆனால் பிறருக்கும் இதில் பங்குண்டு. ஒருவன் வீழ்ந்தால் பதினொருவரும் நட்டப்படுகின்றனர். பிறர் பொருளை வைத்துச் சூதாடுவோன், அதன் அபாயத்தை ஆடுமுன் எண்ணியிருத்தல் கடன். எதிரிக்கும் நியாயம் உண்டு. பந்து வீசுவோர் கையை மாற்றினால் நடுவரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும். மட்டைக்காரர் சொல்லாமலே பக்கம் மாறலாம். 2008-இல் கெவின் பீட்டர்சன் நியூசிலாந்துக்கு எதிராக அப்படித் திரும்பி நின்று சிக்ஸர் அடித்ததும் பெரும் விவாதம் எழுந்தது. விதி காக்கும் மெர்லிபோன் சங்கத்தார், அடிப்பவருக்கே ஆபத்து மிகுதி என்ற காரணத்தையும் காட்டி அதை ஒப்புக்கொண்டனர். நமக்கு இதில் முழுத் திருப்தியில்லை. ஒரு சாராருக்கு அறிவித்தலும் மறு சாராருக்கு மௌனமும் விதியாவது சமநீதியென்று தோன்றவில்லை.

இவையெல்லாவற்றினும் நம்மை உறுத்துவது வேறொன்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நம்மவர் பழமொழி. கேட்டிங் அந்த ஓர் அடியால் ஏச்சுப் பெற்றார். ஆனாலும் மறுநாளும் அவரே தலைவர். அவருடைய கடைசி டெஸ்ட் பந்தயம் 1995-இல்தான். பந்துக்கும் மெல்போர்னுக்குப் பின் லீட்ஸ் கிடைத்தது. முதன்முறை அணியிற் சேர்ந்த ஏழை இளைஞன் ஒருவன், பல மாதம் தனியே பழகிய அதே அடியை ஆடி, முதற் பந்தில் வீழ்ந்தானாயின் அவனுக்கு அடுத்த பந்தயம் ஏது? அதை அறிந்தே அவன் நேர் மட்டையைப் பிடித்து, பத்து ரன்னில் ஒழுங்காக வீழ்ந்து, ஒழுங்காகவே மறக்கப்படுகிறான். அவன் ஆடாது விட்ட அடிகளை எந்த ரன் புத்தகத்திலும் எவரும் எழுதி வைக்கவில்லை.