பொய்ச்சாட்சி

தென்மத்திய பிரான்சின் மலைக்கிராமமான லெ ஷாம்போன், 1940 முதல் 1944 வரை யூத அகதிகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயின் சபை அது. முன்னோர்கள் மதத்துக்காக வேட்டையாடப்பட்ட புரொட்டஸ்டண்டுகள். அவருடைய உறவினர் தானியேல், தன் பொறுப்பிலிருந்த மாணவர்களுடன் பிடிபட்டு, 1944இல் மைதானெக் முகாமில் இறந்தார். இந்தத் தியாகத்தைப் பேசுகிறோம். அங்கே போலி அடையாள அட்டைகளும் தயாராயின என்பதைத் தயங்கித்தான் சொல்கிறோம்.

பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியைத்தானே கட்டளை விலக்குகிறது என்று வாதாடலாம், வள்ளுவரையும் துணைக்கழைக்கலாம். எனக்கு இது வக்கீல் சமாதானமாகப் படுகிறது. பொய் பொய்தான். அந்தக் கறையைத் தெரிந்தே, இன்னொருவன் உயிருக்காகத் தன்மேல் ஏற்றுக்கொள்வதையே விசுவாசம் என்பேன். பிறர் பாவத்தைச் சுமந்தவனைக் கும்பிடுகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. தன் ஆன்மாவை மாசுபடாமல் காப்பதுதான் விசுவாசத்தின் வேலை என்றால், கதவைத் தட்டுகிறவன் பனியில் நிற்க வேண்டியதுதான்.