அண்மையின் அறம்

பிறரைப் பார்ப்பதற்கு ஏற்ற தொலைவு எது? படச்சுருள் இட்டு இயக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவை முதன்முறையாக வாங்க முனைவோர், விலையை வினவுமுன் இதனை வினவுதல் நன்று.

அக்காமிராவின் சாளரத்தில் ஒரு பொருளின் இரண்டு உருவங்கள் தோன்றும். வில்லையின் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் தெளிவு பிறக்கும். தொலைவிலுள்ளதை அருகிழுத்துக் காட்டும் நெடுவில்லைகள் அதற்குப் பொருந்துவதில்லை. பொதுவாக 135 மில்லிமீட்டரே மேல் எல்லை. இதைக் குறையெனக் கொள்வோர் உளர்.

குறையா அது? 50 மில்லிமீட்டர் வில்லையைத் தேர்ந்தவர், ஒரு மனிதரின் முழுவுருவைப் படத்தில் நிறைக்க ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவுக்குள் சென்றாக வேண்டும். அங்கே நின்றால் அம்மனிதர் திரும்பிப் பார்ப்பார், ‘ஏன் எடுக்கிறாய்?’ என்று கேட்கவும் கூடும்.

அண்மை மட்டுமே அறமாகிவிடுமா? ஆகாது. 1932-ஆம் ஆண்டு முதல் லைக்கா காமிராவைக் கையாண்ட ஃபிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன், பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் வில்லையையே பயன்படுத்தினார். அவரும் காமிராவின் பளபளப்பைக் கருநிறத்தால் மறைத்து, மாந்தர் அறியாமலே படமெடுத்தவர்தாம். ஆயினும், மறைந்திருந்து எடுப்பவருக்கு இல்லாத ஒரு கடன் அருகில் நிற்பவருக்கு உண்டு: கேள்வி எழுந்தால் முகம் பார்த்து விடை கூறும் கடன்.

ஆகவே முதற்காமிராவுக்கு ஒரே வில்லை போதும். எஞ்சிய தொலைவைக் கால்கள் கடக்கட்டும். கேட்கப்படும் கேள்விக்கு மனம் ஆயத்தமாகட்டும்.